‘காலி’ என்று எழுதிவைத்த ஒரு சொல்: சுவேகா மொபெட், கார்புரேட்டர், சித்தூர்ப் பட்டறைகள்

சற்றே நீண்ட பதிவு. வாகன வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் களப்பணி செய்யும் மாணவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1

சித்தூரில் எங்கள் பூர்விக வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு சுவேகா மொபெட் நிற்கிறது. வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்த தாத்தா ஓட்டிய வண்டி. அவர் மறைந்த பின் பாட்டி அதை விற்க ஒப்பவில்லை; பிறர் ஓட்டவும் விடவில்லை. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அவரே மனம் மாறி, “ஒரு தடவ அது சத்தத்தக் கேக்கணும்” என்றார்.

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, எண்ணெய் கலந்த புதிய பெட்ரோல் ஊற்றி, புதிய பிளக் மாட்டினேன். பெடலை மிதித்ததும் எஞ்சின் உயிர்பெற்றது. ஆனால் நிலைகொள்ளவில்லை. திடீரென்று இரைந்து ஓடும், பிறகு அணைந்துவிடும். கடைத்தெருவிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஓடும் எஞ்சினில் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மறைத்தார். எஞ்சின் சீரானது. கையை எடுத்தார், மீண்டும் திணறியது. ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி இரண்டு சொற்கள் சொன்னார். தேவையான பொருள் வந்ததும் மாட்டித் தருவதாகக் கூறிச் சென்றார்.

எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் தொழிலிடங்களில் கலந்து வழங்கும் முறையே என் ஆய்வுப் பொருள். அதனால் அன்றைய உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தேன்; குறிப்பேட்டிலும் எழுதினேன். மறுநாளே திருப்பதிக்குத் திரும்ப நேர்ந்தது. நான்கு மாதங்கள் கழித்து ஊர் வந்தபோது அந்த மெக்கானிக் கண் அறுவைக்காக வேலூரில் மகள் வீட்டில் இருந்தார். குறிப்பேட்டை நம்பி நானே வேலையில் இறங்கினேன். அதில் இருந்தவை மூன்றே தொடர்கள்: “பிளக் சரி. வாயை மறைத்தால் சீராகிறது. ஈட காலி.”

‘ஈட’ என்றால் எங்கள் பக்கத்துத் தெலுங்கில் ‘இங்கே’. ‘காலி’ என்றால் வெறுமை. இங்கே பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள்கொண்டேன். பெட்ரோல் குழாயைக் கழற்றினேன். வடிகட்டியைக் கழுவினேன். மிதவைக் கிண்ணத்தைத் திறந்து, மிதவையையும் அதன் ஊசியையும் பார்த்தேன். ஜெட்டை ஊதினேன். எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தேன். இரண்டு நாட்கள் போயின. வண்டி முன்போலவே இரைந்தது; அணைந்தது.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் தவறு தெரிந்தது. அவர் சொன்னது தமிழில் வழங்கும் ‘காலி’ அன்று. முதல் ஒலி ‘கங்கை’ என்பதன் முதல் ஒலியைப் போல ஒலிப்புடையது. தெலுங்கில் அச்சொல்லுக்குக் காற்று என்று பொருள். “இங்கே காற்று” என்று சொல்லியிருக்கிறார். நான் பெட்ரோல் வராத வழியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் காற்று நுழையும் வழியைக் காட்டியிருந்தார்.

இந்தத் தவற்றிலிருந்து தொடங்கியதே இக்கட்டுரை. நம் ஊர்களில் ஒரு வாகனம் எப்படி உருவானது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அது எப்படிப் பழுதுபார்க்கப்பட்டு ஓடியது என்பதற்குப் பேச்சே சான்று. அந்தப் பேச்சையும் சரியாக எழுதிக்கொள்ளாவிட்டால், வரலாற்றின் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போய்விடும்.

2

முதலில் அந்தக் கருவி செய்யும் வேலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெட்ரோல் நீர்மமாக எரிவதில்லை. காற்றோடு கலந்த ஆவியாகவே எரிகிறது. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. மின்சாரமோ கணினியோ இல்லாமல் நொடிதோறும் இந்த விகிதத்தை அளந்து கொடுப்பதே கார்புரேட்டரின் பணி.

இதன் அடிப்படை இயற்பியல் எஞ்சினைவிட மிகப் பழையது. ஓடும் பாய்மத்தின் வேகம் கூடும்போது அழுத்தம் குறையும் என்பதைப் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குறுகிய கழுத்துள்ள குழாயில் இது நிகழும் விதத்தை இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சூரி 1797இல் எழுதினார். அந்தக் கழுத்தில் ஒரு நுண்துளை வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்புக்கு 1893இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் காப்புரிமை பெற்றனர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் ஏறக்குறைய அதே காலத்தில் அதே வழியை அடைந்தார்.

மொபெட்டின் கார்புரேட்டர் இந்தக் கருத்தின் மிக எளிய வடிவம். கீழே ஒரு கிண்ணம், அதில் மிதவை. பெட்ரோல் உரிய மட்டத்துக்கு ஏறியதும் மிதவை ஓர் ஊசியைத் தள்ளி வரத்தை அடைக்கும். நடுவே துளையிட்ட பித்தளைத் திருகு, அதுவே ஜெட். காற்று செல்லும் வழியை ஏறி இறங்கித் திறந்து மூடும் உருளையைப் பட்டறைகளில் ‘பிஸ்டன் வால்வு’ என்றும் ‘ஸ்லைடு’ என்றும் சொல்கிறார்கள். நாம் திருகும் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுப்பது அந்த உருளையைத்தான், பெட்ரோலை அன்று. ஓட்டுநர் காற்றைத் திறக்கிறார், காற்று பெட்ரோலை அழைத்துவருகிறது. பழுது காண்பதன் அடிப்படையும் இதுவே. எஞ்சின் திணறும்போது நாம் பெட்ரோலையே ஐயுறுகிறோம். குற்றம் காற்றிலும் இருக்கலாம்.

3

இனிச் சுவேகாவின் கதை. பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனம் 1949இல் மோபிலெட் என்ற எளிய இருசக்கர வண்டியை வெளியிட்டது. அது பரவிய அளவுக்கு, பிரெஞ்சு மொழியில் எந்தச் சிறு மோட்டார் சைக்கிளையும் ‘மோபிலெட்’ என்றே அழைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ‘மொபெட்’ என்ற பொதுச்சொல் சுவீடிய மொழியில் மோட்டார், பெடல் ஆகியவற்றின் முதற்பகுதிகளைச் சேர்த்து 1950களில் ஆக்கப்பட்டது.

அந்த மோபிலெட்டின் இந்தியப் பிறப்பு திருப்பதியில் நிகழ்ந்தது. மோட்டோபெக்கானின் உரிமத்தோடு 1960களின் நடுப்பகுதியில் மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் திருப்பதியில் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டிக்குச் ‘சுவேகா’ என்று பெயர். நல்ல என்னும் பொருள்தரும் ‘சு’, விரைவு என்னும் பொருள்தரும் ‘வேக’ என இரண்டு வடமொழிக் கூறுகள் சேர்ந்த பெயர் இது. தமிழருக்கும் தெலுங்கருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர். புனேவில் கைனெடிக் நிறுவனத்தின் லூனா வந்தது 1972இல்; ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது 1980இல். இவ்விரண்டுக்கும் முன்பே திருப்பதிச் சாலைகளில் மொபெட் ஓடியது.

சுவேகாவைப் பற்றி எளிதில் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் ஒன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நெல்லூர் மத்தியக் கலால் உதவி ஆட்சியருக்கு எதிராக நிறுவனம் தொடுத்த வழக்கு அது. 1986ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. விற்பனையாளர்களுக்கு நிறுவனம் விட்டுக்கொடுத்த தொகை ஒப்பந்தத்தில் ‘கமிஷன்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. கமிஷன் என்றால் அதை விலையிலிருந்து கழிக்க இயலாது. வணிகத் தள்ளுபடி என்றால் கழிக்கலாம். விற்பனையாளர் முகவராக நின்று விற்கவில்லை; தாமே வாங்கித் தாமே விற்கிறார். ஆகவே எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அத்தொகை தள்ளுபடியே என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

மொழியியல் மாணவருக்கு இது சுவையான வழக்கு. ஒரு சொல்லை அதன் வடிவத்தை வைத்தா, அது நிகழ்த்தும் வேலையை வைத்தா பொருள்கொள்வது என்பதே அங்கே கேள்வி. ஆனால் வரலாற்று மாணவருக்கு வேறொன்றும் தோன்ற வேண்டும். வண்டி தொழிற்சாலை வாயிலைக் கடக்கும் தருணம் வரை அரசு அதைக் கவனித்தது. வரியும் விலையும் பதிவாயின. வாயிலைக் கடந்தபின் அதே வண்டி இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியது. அந்த ஆண்டுகளில் அதை ஓடவைத்தவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அல்லர். எண்ணெய் படிந்த பலகையில் குந்தி வேலை செய்தவர்கள். அவர்கள் தங்கள் அறிவை ஏட்டில் எழுதவில்லை. ஒரு சிறுவனை அருகில் உட்காரவைத்துக் கற்பித்தார்கள்.

4

அந்த அறிவின் உள்ளடக்கம் என்ன? சித்தூரிலும் திருப்பதியிலும் நான் உட்கார்ந்து கேட்ட பட்டறைகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது ஒரு விதி: “கார்புரேட்டர கடைசியா தொடணும் தம்பி.” புதியவர்கள் முதலில் கழற்றுவது கார்புரேட்டரை, தேர்ந்தவர்கள் கடைசியில் கழற்றுவதும் அதையே. அதற்கு முன்பு ஐயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தற்செயலானதன்று. செலவு குறைந்த சோதனையிலிருந்து செலவு மிகுந்த சோதனைக்கும், கழற்றாமல் பார்க்கக்கூடியதிலிருந்து கழற்றியே பார்க்க வேண்டியதற்கும் அது நகர்கிறது.

முதல் ஐயம் பெட்ரோல் தொட்டியின் மூடி மீது. மூடியில் ஒரு காற்றுத்துளை இருக்கும். அது அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டி சிறிது தொலைவு நன்றாக ஓடி நின்றுவிடும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடும். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தாலே உண்மை தெரியும். செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது பிளக். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதற்கு அதுவே வாக்குமூலம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி இல்லை. முனை காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

மூன்றாவது, இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே உரிய ஐயம்: புகைபோக்கி. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் எரிந்து, எஞ்சினின் வெளியேற்றுத் துளையிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சினுக்குள் புதுக் கலவை நுழையாது. வண்டி இழுக்காது, பிளக் கறுக்கும். பார்ப்பவர் கார்புரேட்டரில் ஜெட் பெரிதாகிவிட்டது என்றே எண்ணுவார். எத்தனையோ நல்ல கார்புரேட்டர்கள் சைலன்சரின் குற்றத்துக்காகக் கழற்றப்பட்டிருக்கின்றன.

இவை யாவும் கடந்த பின்பே கார்புரேட்டர். அதிலும் எல்லாவற்றையும் கழற்றுவதில்லை. எந்த நிலையில் எஞ்சின் திணறுகிறது என்பதே உறுப்பைச் சுட்டிக்காட்டும். ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நிற்கும்போது அணைந்து, வேகத்தில் நன்றாக ஓடினால், தனி ஜெட் உள்ள கார்புரேட்டர்களில் ஐயம் சிறிய ஜெட் மீது. நடுவேகத்தில் திணறினால் ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி மீது. முழுவேகத்தில் மட்டும் நின்றால் பெரிய ஜெட் மீதோ, கிண்ணம் நிரம்பும் வேகத்தின் மீதோ. நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் வழிந்தால் மிதவை ஊசி மீது. ஜெட்டின் அடைப்பை இரும்புக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் கலவை நிரந்தரமாக மாறிவிடும். ஊத வேண்டும், அல்லது மின்கம்பியின் மெல்லிய செம்பு இழையை விட வேண்டும்.

என் வண்டிக்கு வருவோம். கார்புரேட்டர் வாயை மறைத்தால் எஞ்சின் சீராகிறது என்பது, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைவு என்பதற்கு அடையாளம். ஆனால் பங்கு இரண்டு வழிகளில் குறையலாம். பெட்ரோல் வரும் வழி அடைபட்டிருக்கலாம். அல்லது கார்புரேட்டர் அளந்து தராத காற்று வேறு வழியாக நுழையலாம். உள்ளங்கைச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. என் குறிப்பேட்டில் அவற்றைப் பிரித்துக் காட்டக்கூடிய சொல் ஒன்றே ஒன்று. அந்தச் சொல்லையே நான் பிழையாகப் படித்தேன்.

காற்று கசியும் வண்டிக்குத் தனி அடையாளமும் உண்டு. நிற்கும் நிலையில் ஸ்லைடு ஒரு மயிரிழை அளவே திறந்திருக்கும். அந்தச் சிறு வழியோடு ஒப்பிட்டால் இணைப்பிலுள்ள சிறு பிளவும் பெரிய வாசல். முழுவேகத்தில் ஸ்லைடு முற்றும் திறந்துவிட்டால் அதே பிளவு பொருட்டாகாது. எனவே கசிவு நிற்கும் நிலையிலேயே வெளிப்படும்: எஞ்சின் தானே இரையும், திருகுக்குக் கட்டுப்படாது, பின் அணையும். உறுதிசெய்ய, ஓடும் எஞ்சினில் ஐயத்துக்குரிய இணைப்பின் மேல் சில துளி எண்ணெய் விட்டால் போதும். ஒலி மாறினால் கசிவு அங்கே. இரண்டு நாட்களில் நான் செய்யாத சோதனை இது ஒன்றுதான்.

5

பிழை என்னுடையது, ஆனால் அதற்கு வழிசெய்தது எழுத்து. தமிழ் எழுத்துமுறை ஒலிப்புடைய ககரத்தையும் ஒலிப்பிலாக் ககரத்தையும் ஒரே எழுத்தால் குறிக்கிறது. தமிழுக்கு அது போதும். ஏனெனில் தமிழ்ச் சொற்களில் அவ்வொலிகள் வரும் இடத்தைச் சூழலே தீர்மானித்துவிடும். தெலுங்கு எழுத்து அவற்றைத் தனித்தனியே குறிக்கிறது. தெலுங்குக்கு அது தேவை. இருமொழிப் பேச்சைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்ட கணத்தில் காற்றும் வெறுமையும் என் ஏட்டில் ஒன்றாகிவிட்டன.

இவ்விரண்டு சொற்களின் வரலாறும் வெவ்வேறு. வெறுமையைக் குறிக்கும் ‘காலி’ அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. காற்றைக் குறிக்கும் தெலுங்குச் சொல் திராவிட மொழிக்குடும்பத்துக்கு உரியது. சங்க இலக்கியத்தில் காற்றுக்கு வழங்கும் ‘கால்’ என்ற சொல்லும், நம் ‘காற்று’ம், அந்தத் தெலுங்குச் சொல்லும் உறவுச் சொற்களாகவே கருதப்படுகின்றன. பழைய உறவை உணராமல், புதிதாக வந்த சொல்லை நம்பி நான் ஏமாந்தேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

இக்கலப்பு எங்கள் ஊரில் இயல்பானது. சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரலில் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது; சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சிக் கோடுகள் இத்தனை முறை மாறியும், உதிரிப்பாகம் தேடும் மெக்கானிக்குக்கு வேலூரும் சென்னைப் புதுப்பேட்டையும் பக்கத்து ஊர்களே. பேருந்தில் போய் வருபவர் பொருளோடு சொல்லையும் கொண்டுவருகிறார்.

பட்டறைப் பேச்சில் மூன்று அடுக்குகளைக் காணலாம். உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: ஜெட், பிளக், கேஸ்கட், ஏர் ஸ்க்ரூ. பழுதின் பெயர்கள் பெரும்பாலும் தாய்மொழி, அதிலும் உடலைச் சார்ந்தவை: வண்டி ‘திணறுது’, ‘இருமுது’, ‘மூச்சு வாங்குது’, ‘இழுக்கல’. செய்கைகளில் தமிழும் தெலுங்கும் ஆளைப் பொறுத்து மாறும். பொருளுக்கு வந்த பெயரும், நோய்க்கு இருந்த பெயரும் என்று இதைச் சுருக்கலாம். கலைச்சொல் ஆக்கத்தில் நாம் உறுப்புகளுக்கே பெயர் தேடுகிறோம். பழுதுகளுக்கு மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர்களைத் திரட்டுவதில்லை.

எண்களும் இங்கே மொழியைப் போலவே நடந்துகொள்கின்றன. 1927இல் இங்கிலாந்தில் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான அமால், 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் வழியே நம் பட்டறைகளில் அறிமுகமான பெயர். வெஸ்பா வழிவந்த ஸ்கூட்டர்களில் இத்தாலிய டெல்லோர்ட்டோ வகை. அமாலிடம் 1960இல் உரிமம் பெற்ற ஜப்பானிய மிக்குனி, 1985இல் தொடங்கிய யூகால் நிறுவனத்தின் வழியாகச் சென்னைக்கு அருகே வேரூன்றியது. அமால் ஜெட்டின் மேல் உள்ள எண் ஒரு நிமிடத்தில் பாயும் அளவைக் குறிக்கும். டெல்லோர்ட்டோ ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிக்கும். ஒரே எண் பொறித்த இரண்டு ஜெட்டுகள் ஒன்றல்ல. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது. அது எந்த மரபின் எண் என்பதும் தெரிய வேண்டும். இதைக் கற்றவர்களுள் பலருக்குப் பள்ளிக் கல்வியே முழுமையாகக் கிட்டவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

6

இவ்வறிவு இடத்தோடும் பிணைந்தது. திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலை சுமார் 850 மீட்டர். முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1974இல். இன்று ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. மேலே காற்றின் அடர்த்தி 6 அல்லது 7 விழுக்காடு குறைவு. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. அதன் ஓட்டத்தை மட்டுமே அறியும். எனவே ஏற ஏறக் கலவையில் பெட்ரோலின் பங்கு சற்றுக் கூடும். மலை ஏறிவந்த வண்டியின் பிளக் கறுத்திருந்தால் உடனே ஜெட்டை மாற்றாதே என்று அடிவாரத்துப் பட்டறைகளில் சொல்வதன் பொருள் இது.

இறக்கத்தில் வேறொரு பாடம். இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் மூடிக்கொண்டு நெடுந்தொலைவு இறங்கினால் பெட்ரோல் குறையும், எண்ணெயும் குறையும், எஞ்சினோ சக்கரத்தின் இழுப்பில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இறக்கத்திலும் இடையிடையே சற்றுத் திருகிக் கொடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு இது பழக்கம். எஞ்சினுக்கு இது உயிர்.

7

இந்த அறிவின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 1991இல் பெட்ரோல் வாகனங்களுக்கு முதல் புகை வரம்புகள் வந்தன. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 கட்டாயமாயிற்று. கலவையைக் கணினி அளந்து தெளிக்கும் எரிபொருள் உட்செலுத்தல் அனேகமாக எல்லாப் புதிய பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கும் வந்துவிட்டது. இன்றும் விற்பனையில் இருக்கும் மொபெட்டான டிவிஎஸ் எக்ஸ்எல் 100கூடக் கார்புரேட்டரை விட்டுவிட்டது. மூச்சுவிடும் காற்று தூய்மையாக இம்மாற்றம் தேவை. அதை எதிர்த்து ஏங்குவதற்கு நியாயமில்லை.

ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ரப்பர் உறுப்புகள் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை; இப்போது விற்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் கிண்ணத்தில் அது அரிப்பை உண்டாக்கும். பழுது புதிது. அதைக் கண்டறியும் முறை மட்டும் பழைய வரிசையே. அவ்வரிசையை அறிந்தவர்களோ அறுபது, எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.

களப்பணி செய்யும் மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பட்டறைக்குப் போனால் ஒலியைப் பதிவு செய்யுங்கள். தமிழில் எழுதும் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். உறுப்புகளின் பெயர்ப்பட்டியலோடு நிறுத்தாமல், எதை முதலில் ஐயுற்றார், ஏன் என்று கேளுங்கள். வீட்டில் பழைய வண்டியின் கையேடோ உதிரிப்பாக விலைப்பட்டியலோ இருந்தால் பழைய தாள் கடைக்குப் போடாமல் படமெடுத்து வையுங்கள். சுவேகாவின் தொழிற்சாலையிலோ விற்பனைக் கடைகளிலோ பணியாற்றியவர்கள் இதைப் படித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வந்து கேட்டுப் பதிவு செய்துகொள்கிறேன்.

என் வண்டிக்குத் தேவைப்பட்டது கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு புதிய கேஸ்கட் மட்டுமே. தாளை வாங்கி, பழையதை அச்சாக வைத்து, கத்தரியால் நானே வெட்டினேன். மாட்டியபின் முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்தது, அணையாமல் ஓடியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அவரு இத விடக் கொஞ்சம் மெதுவா வச்சிருப்பாரு” என்றார்.

திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். “இப்ப சரி” என்றார்.